மலிவான மருந்து மட்டமான மருந்தா?

எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வரால் அடிக்கப்பட்டுக் கிடந்த மனிதனின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். அவனுக்கு இரங்கிய சமாரியன் வைத்தியன் அல்லன். அவன் கையில் மருந்துப் பெட்டியும் இருக்கவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் மட்டுமே இருந்தன. அவை உணவுக்கும் பானத்துக்கும் உரியவை. ஆயினும் அவற்றையே காயங்களில் வார்த்துக் கட்டினான். வேறொரு தேவைக்கென இருந்த பொருள் ஓர் உயிரைக் காக்கப் பயன்பட்டது.

இக்கதை இப்போது நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. வேறு நோய்களுக்கென வந்து, பல ஆண்டுகளாக மருந்துக்கடை அலுமாரிகளில் இருக்கும் சில பழைய குளிசைகள், வாய்க்கும் தொண்டைக்கும் வரும் புற்றுநோய்க்குப் பயன்படுகின்றன என்று எமது அயல்நாடான இந்தியாவில் முறைப்படி நிறுவப்பட்டுள்ளது. இச்செய்தி எமது கமக்காரக் குடும்பங்களுக்குப் போதிய அளவு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த இடங்களிலும் பாதி உண்மையும் பாதி வதந்தியுமாகவே வந்திருக்கிறது. ஆகவே இதனை விளக்கிச் சொல்வதும், இதில் எமது உரிமை என்ன, எமது பொறுப்பு என்ன என்று சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் மண்ணில் விளைந்த நோய்

தலை, கழுத்துப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் கூறுவது உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், முரசு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களை. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோயே முதலிடத்தில் நிற்பது. இதற்கான காரணம் மறைவானதல்ல. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்பவற்றைச் சேர்த்து மென்று கொடுப்புக்குள் அடக்கி வைத்திருக்கும் பழக்கம், புகைத்தல், மதுபானம் ஆகியவையே முதன்மையான காரணங்கள். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே கூறிவிட்டது. புகையிலை சேராத வெற்றிலையும், வெறும் பாக்குங்கூட அவ்வாறே என்று 2004இல் அது அறிவித்தது. "நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டுந்தான்" என்று ஆறுதல் அடைபவர்கள் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கமக்காரர்களாகிய நாம் இந்த இடத்தில் சற்று நின்று எம்மை நாமே பார்க்க வேண்டியவர்களாக இருக்கிறோம். எமது செம்பாட்டு மண்ணின் முதன்மையான காசுப்பயிராகப் புகையிலை நெடுங்காலம் இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அந்தப் புகையிலையினால் கிணறு வெட்டினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம், கோவில்களையும் தேவாலயங்களையும் கட்டினோம். இதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் துலாவில் இறைத்து, இலை வெட்டி, புகை போட்டுப் பதப்படுத்திய அதே கைகள் ஒரு துண்டை முறித்து எம் வாய்க்குள்ளும் வைத்தன.

பின்னர் இடப்பெயர்வுகள் வந்தன. 1990இல் வலிகாமம் வடக்கு வெறுமையானது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. தோட்டம் இல்லாத கமக்காரனுக்குப் பகல்பொழுது எவ்வளவு நீளமானது என்பது நலன்புரி நிலையங்களில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அந்த வெறுமையையும் பசியையும் மறக்க வெற்றிலைத் தட்டத்தைத் தேடியவர்கள் எம்மிடையே பலர். வலிகாமம் வடக்கைச் சேர்ந்த ஒரு பகுதிக் குடும்பங்கள் இன்றும் தமது காணிக்குத் திரும்பவில்லை. இந்நோய் பெரும்பாலும் பல ஆண்டுப் பழக்கத்தின் பின்னரே வெளிப்படுவது. முகாம்களில் ஆரம்பித்த பழக்கத்தின் விலையை இப்போதுதான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றால் அது மிகையாகாது.

வைத்தியத்துக்கான வழியும் அக்காலத்தில் அடைபட்டிருந்தது. மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவதற்கு அனுமதிப்பத்திரம், கப்பல், சோதனைச் சாவடி என்று எத்தனையோ தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. இன்று தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து சேகரித்த நன்கொடையினால் அது எழுந்தது. தென்னிலங்கை மக்களும் வடபகுதி மக்களும் ஒரு நல்ல காரியத்துக்காகச் சேர்ந்து நடந்த அரிய சந்தர்ப்பம் அது. எந்த மண்ணைவிட்டு வெளியேறினோமோ அந்த வலிகாமம் வடக்கிலேயே அவ்வைத்தியசாலை நிற்பது எமக்கு ஆறுதல் தருவதாகும்.

மும்பையில் கேட்கப்பட்ட கேள்வி

இனி அந்தப் பழைய குளிசைகளுக்கு வருவோம்.

மும்பை நகரில் 1941ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டாட்டா நினைவு வைத்தியசாலை இந்தியாவின் பெரிய புற்றுநோய் வைத்தியசாலைகளுள் ஒன்று. இந்திய அரசின் அணுசக்தித் திணைக்களத்தின் கீழ் இயங்குவது. வெற்றிலை, புகையிலைப் பழக்கம் காரணமாக வாய்ப்புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஏழைகள் அங்கு பெருந்தொகையாக வருகிறார்கள். அவர்களிற் பலர் நோய் முற்றிய நிலையிலேயே வருபவர்கள். சத்திரசிகிச்சையாலோ கதிர்ச் சிகிச்சையாலோ குணப்படுத்தும் கட்டம் கடந்துவிட்டது என்ற நிலையில் அவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்த மருந்துகளுள் ஒன்று சிஸ்பிளாட்டின். இது நாளத்தினூடாக ஏற்றப்படுவது. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வைத்தியசாலைக்கு வந்து, சேலைனுடன் நீண்டநேரம் படுத்திருந்து ஏற்ற வேண்டும். வாந்தி அதிகம். சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் பாதிக்கக்கூடியது.

வைத்தியர் விஜய் பாட்டீல், வைத்தியர் குமார் பிரபாஷ் முதலியோர் எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டார்கள். இந்த நோயாளருக்குச் சேலைன் மூலம் ஏற்றும் மருந்துக்குப் பதிலாக வீட்டில் இருந்து விழுங்கக்கூடிய இரண்டு பழைய குளிசைகளைக் கொடுத்தால் என்ன ஆகும்?

அவ்விரண்டில் ஒன்று மெதோட்ரெக்சேட். 1940களின் இறுதியில் பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் தேடியபோது உருவான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தை உருவாக்கிய ஆய்வுகளை வழிநடத்தியவர்களுள் ஒருவர் ஆந்திராவில் பிறந்து சென்னையில் வைத்தியம் கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது எம்மவர் பலர் அறியாத செய்தி. பிற்காலத்தில் இதே மருந்து, குறைந்த அளவில், மூட்டுவாத நோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. எமது கிளினிக்குகளிலும் மூட்டுவாதக்காரர் பலர் இதனை எடுத்து வருகிறார்கள். மற்றையது செலிகொக்சிப். இது 1990களின் இறுதியில் மூட்டு நோவுக்கும் வீக்கத்துக்கும் வந்த நோவுக் குளிசை. இரண்டுமே புதியவையல்ல. தனியொரு கம்பனிக்கு மட்டும் சொந்தமானவையும் அல்ல. எனவே விலை குறைந்தவை.

2016க்கும் 2020க்கும் இடையில் 422 நோயாளர் இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். திருவுளச்சீட்டுப் போடுவதுபோல எவ்வித பாரபட்சமுமின்றி இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்குச் சிஸ்பிளாட்டின் ஏற்றப்பட்டது. மறுபிரிவினருக்கு இரு குளிசைகளும் கொடுக்கப்பட்டன. முடிவு 2020இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. ஒவ்வொரு பிரிவினரையும் அவர்கள் வாழ்ந்த காலத்தின்படி வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவர் சிஸ்பிளாட்டின் பிரிவில் 6.1 மாதங்களும் குளிசைப் பிரிவில் 7.5 மாதங்களும் வாழ்ந்திருந்தார். கடுமையான பக்கவிளைவுகள் சிஸ்பிளாட்டின் பிரிவில் நூற்றுக்கு 30 பேருக்கும் குளிசைப் பிரிவில் நூற்றுக்கு 19 பேருக்கும் ஏற்பட்டன.

ஒன்றரை மாதந்தானா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இது நோயை மாற்றும் மருந்து என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதங்களை எங்கே, எப்படிக் கழிப்பது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொடிகாமத்துக்கு அப்பால் குடியிருக்கும் ஒரு முதியவர் சேலைன் ஏற்றுவதற்காக இரண்டு பஸ் மாறித் தெல்லிப்பழைக்குப் போகிறார். அவர் தனியே போக முடியாது. மகன் அன்றைய கூலியை விட்டுக் கூடப் போக வேண்டும். ஏற்றிய பின் ஒரு கிழமை வாந்தி. அடுத்த கிழமை சற்றுத் தெளிவு. பின்னர் மீண்டும் பயணம். இதற்குப் பதிலாக அவர் தமது திண்ணையில் இருந்து குளிசையை விழுங்கி, குறித்த நாட்களில் மட்டும் இரத்தப் பரிசோதனைக்கும் கிளினிக்குக்கும் போய்வருவாராயின், அவருக்கு மட்டுமல்ல அந்தக் குடும்பம் முழுவதற்குமே அது பெரிய விடுதலை. ஒருமுறையல்ல, பலமுறை வீடிழந்த ஒருவருக்குத் தமது இறுதி மாதங்களை வீட்டில் கழிக்கக் கிடைப்பது சிறிய காரியமா?

சிறிது சிறிதாக, இடைவிடாமல்

நோவுக் குளிசைக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழுவது இயல்பு. தோட்டக்காரருக்கு இதனை விளக்குவது கடினமல்ல.

புற்றுநோய்க் கட்டி ஒரு களை போன்றது. அது வளர்வதற்கு இரத்தம் வேண்டும். தனக்கெனப் புதிய இரத்தக் குழாய்களை அது வளர்த்துக்கொள்கிறது. பயிருக்குப் போகும் நீரைத் தன்பக்கம் திருப்ப ஒரு கள்ள வாய்க்கால் வெட்டுவதைப் போல. பெரிய அளவில் மருந்து ஏற்றுவது களையை மண்வெட்டியால் வெட்டுவதற்குச் சமம். களையும் விழும், பக்கத்தில் நிற்கும் பயிரும் காயப்படும். பின்னர் பயிர் தேறும்வரை மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரத்தில் களையும் மீண்டும் துளிர்க்கலாம். குறைந்த அளவு மருந்தை இடைவிடாமல் கொடுப்பது வேறு வழி. அது அந்தக் கள்ள வாய்க்காலை நாள்தோறும் அடைத்துக்கொண்டிருப்பது. புதிய இரத்தக் குழாய்கள் உண்டாவதை இம்முறை தடுக்கிறது என்றும், உடலின் சொந்த எதிர்ப்புச் சக்திக்கும் துணை செய்கிறது என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். வீக்கத்தை உண்டாக்கும் ஒரு நொதியத்தைச் செலிகொக்சிப் தடுக்கிறது. அதே நொதியம் கட்டியின் வளர்ச்சிக்கும் உதவுவதனால், மூட்டு வீக்கத்துக்கு வந்த குளிசை இங்கும் வேலை செய்கிறது.

இம்முறையில் ஒரு நிபந்தனை உண்டு. மருந்து இடையில் நிற்கக்கூடாது. இதனைப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

ஏழைக்கு ஏழை மருந்தா?

இந்த இடத்தில் ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். பணக்கார நாடுகளில் இந்நோய்க்கு 2016 முதல் புதிய ஊசிமருந்துகள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் நிவோலுமாப் போன்றவை அவை. அவற்றின் விலை மிக அதிகம். "அங்கே அது, இங்கே பழைய குளிசையா? எங்களுக்கு எப்போதும் மிஞ்சியதுதானா?" என்று இடம்பெயர்ந்த ஒருவர் கேட்டால் அவர்மீது கோபிக்க முடியாது. தறப்பாளும் தகரமும் நிவாரணப் பருப்புமாக இரண்டாந்தரப் பொருட்களையே பெற்றுப் பழகியவர் அவர்.

மும்பை ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. அது ஒரே வைத்தியசாலையில் நடந்தது. பணக்கார நாடுகளில் கொடுக்கப்படும் முழுமையான சிகிச்சையோடு அக்குளிசைகளை அது ஒப்பிடவில்லை. இதை மறைத்துவிட்டுப் புகழ்பாடுவது நேர்மையாகாது.

ஆயினும் என் கருத்து இதுதான். ஒரு மருந்து மட்டமானதா அல்லவா என்பதைத் தீர்மானிப்பது அதன் விலையல்ல. அது முறையாகச் சோதிக்கப்பட்டதா என்பதே. சோதிக்காமல் ஏழைக்குக் கொடுக்கப்படும் எதுவும் மட்டமானது, அதன் விலை எவ்வளவாக இருந்தாலும். சோதித்து, பயன் கண்டு கொடுக்கப்படும் மலிவான குளிசை முதல்தரமானது. மும்பையில் நடந்தது இரண்டாவது வகை. அங்குள்ள வைத்தியர்கள் ஏழைக்கு ஏதோ ஒன்று போதும் என்று நினைக்கவில்லை. ஏழைக்கும் எட்டக்கூடியதுள் எது மேலானது என்பதை, பணக்காரரின் மருந்தைச் சோதிக்கும் அதே கண்டிப்போடு சோதித்தார்கள்.

அவர்கள் அத்தோடு நிற்கவுமில்லை. விலையுயர்ந்த மருந்துகள் வறிய நாடுகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவருக்கே எட்டுகின்றன என்று கண்டு, இன்னொரு கேள்வியைக் கேட்டார்கள். அந்த விலையுயர்ந்த நிவோலுமாப்பையே மிகச் சிறிய அளவில் கொடுத்தால் என்ன? மேற்சொன்ன இரு குளிசைகளோடு, நுரையீரற் புற்றுநோய்க்கு வந்த எர்லோட்டினிப் என்ற குளிசையையும் சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் ஏற்றினார்கள். மூன்று வாரத்துக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் 360 மில்லிகிராமில் இது பதினெட்டில் ஒரு பங்கு. 2022இல் வெளியான முடிவின்படி, மூன்று குளிசைகளை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடத்தின் பின் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 16 பேர். சிறிய அளவு ஊசிமருந்தும் சேர்ந்தபோது அத்தொகை 43 ஆக உயர்ந்தது.

மூன்றாவது ஒரு ஆய்வும் உண்டு. குணப்படுத்தும் நோக்கோடு கதிர்ச் சிகிச்சை பெறுவோரிற் சிலருக்குச் சிறுநீரகக் குறைபாடு, செவிக்குறைபாடு முதலிய காரணங்களால் சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாது. அத்தகையோருக்கு, மார்பு, நுரையீரற் புற்றுநோய்களில் நெடுநாளாகப் பயன்பட்டு வந்த டொசிடாக்செல் மருந்தைச் சிறிய அளவில் கதிர்ச் சிகிச்சையோடு சேர்த்துப் பார்த்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டு வருடத்தின் பின் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 42இலிருந்து 51 ஆக உயர்ந்தனர். பழைய மருந்து இறுதிக் கட்டத்துக்கு மட்டுந்தான் என்று எண்ண வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

இலாபமில்லாத மருந்துக்கு யார் பேசுவார்?

பழைய மருந்துகளில் இவ்வளவு பயன் இருக்குமாயின் ஏன் இது உலகமெங்கும் முன்னரே ஆராயப்படவில்லை? பதில் எளிது. ஒரு மருந்தைச் சோதிக்கப் பெருந்தொகைப் பணம் வேண்டும். கம்பனிகள் அப்பணத்தைச் செலவிடுவது, பின்னர் அம்மருந்தைத் தனியுரிமையோடு விற்று மீட்கலாம் என்பதனாலேயே. யாரும் தயாரிக்கக்கூடிய பழைய குளிசைக்கு அந்த வாய்ப்பில்லை. சந்தையில் விலைபோகாத மரவள்ளியை எந்த முதலாளியும் விளம்பரப்படுத்துவதில்லை. பஞ்ச காலத்தில் ஊரைக் காப்பது அதுவேயானாலும்.

ஆகவே இவ்வகை ஆய்வுகளைப் பொதுப்பணத்தில், பொது வைத்தியசாலைகளே செய்ய வேண்டும். டாட்டா நினைவு வைத்தியசாலை பொது நிறுவனமாக இருந்தபடியாலேயே இக்கேள்விகளைக் கேட்க முடிந்தது.

இலங்கைக்கு இந்தச் சிந்தனை அந்நியமானதல்ல. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, மருந்துகளை வர்த்தகப் பெயரிலன்றி அவற்றின் பொதுப் பெயரில் வாங்கவும் வழங்கவும் வழிசெய்தார். மருந்து என்பது விற்பனைப் பண்டம் மட்டுமல்ல என்பது அவரது நிலைப்பாடு. அந்த வழியில் வந்த நாடு, மும்பையில் கண்ட பயன் எமது நோயாளருக்கும் பொருந்துமா என்று ஆராயப் பின்னிற்கக் கூடாது.

எனவே சுகாதாரத் துறையினரிடம் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, சேலைன் மூலம் மருந்தேற்ற அடிக்கடி வரமுடியாத நோயாளருக்கு இக்குளிசை முறை பொருந்துமா என்பதை எமது புற்றுநோய் வைத்தியர்கள் ஆராய்ந்து, பொருந்துமாயின் அதனை ஒரு தெரிவாக நோயாளருக்குத் தமிழில் விளக்க வேண்டும். இரண்டாவது, அம்மருந்துகள் தடையின்றிக் கிடைக்க வேண்டும். போர்க்காலத்தில் மருந்துத் தடையை அனுபவித்தவர்கள் நாம். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது நாடு முழுவதுமே மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்தது. இடைவிடாமல் கொடுத்தாற்றான் பயன் என்ற ஒரு முறைக்கு, இன்று உண்டு நாளை இல்லை என்ற நிலை பொருந்தாது. மலிவான மருந்து கையிருப்பில் இல்லாவிட்டால், அது விலையுயர்ந்த மருந்தைப்போலவே எட்டாத மருந்துதான்.

கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி

இக்கட்டுரையை வாசித்துவிட்டு எவரும் மருந்துக்கடைக்குப் போய்க் குளிசை கேட்கக்கூடாது. இதனாலேயே மருந்தின் அளவை இங்கு எழுதவில்லை.

மெதோட்ரெக்சேட் இவ்வகைச் சிகிச்சையில் கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்கப்படுவது. அதனைத் தவறுதலாக நாள்தோறும் எடுத்தவர்கள் உலகின் பல நாடுகளில் இறந்திருக்கிறார்கள். எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும். வாய் முழுவதும் புண்ணாகும். கிருமித் தொற்று உயிரைப் பறிக்கும். ஈரலும் சிறுநீரகமும் சீராக உள்ளனவா என்று இடையிடையே இரத்தம் சோதிக்க வேண்டும். கர்ப்பிணிகள் அதனை எடுக்கவே கூடாது. செலிகொக்சிப் இருதய நோயாளருக்கும் குடற்புண் உள்ளவர்களுக்கும் ஆபத்தாகலாம். வீட்டில் மூட்டுவாதத்துக்கு இக்குளிசை எடுப்பவர் இருந்தால், அவருடைய குளிசையை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடுமாடுகளுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்து புற்றுநோயை மாற்றும் என்ற கதை கைத்தொலைபேசிகளில் உலாவுகிறது. கால்நடை வளர்க்கும் எமது குடும்பங்களில் அம்மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இது கூடுதல் ஆபத்து. ஐவர்மெக்டின், பென்பென்டசோல் முதலியவை மனிதரின் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆய்வுச் சான்று கிடையாது. நீரிழிவுக்கான மெற்போமின், அஸ்பிரின் என்பவற்றையும் புற்றுநோய்க்காக ஆராய்கிறார்கள். ஆனால் இந்நோய்க்கு அவை நிலையான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. பழைய மருந்து என்பதால் அது பயன் தரும் என்றும் இல்லை, தராது என்றும் இல்லை. சோதித்தவரிடம் கேட்க வேண்டும். 422 பேரில் சோதித்ததற்கும், பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனர் சொன்னதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எம் கையில் உள்ளது

எந்தக் குளிசையிலும் மேலானது, குளிசை தேவைப்படாமற் செய்வது. கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் 1990களின் நடுப்பகுதியில் ஆரம்பித்த ஒரு பெரிய ஆய்வில், பயிற்றப்பட்ட சாதாரண சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறக்கச் செய்து பார்த்தார்கள். வெளிச்சமும் கண்ணுமே அவர்களுடைய கருவிகள். புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணங்கள் மூன்றில் ஒரு பங்களவு குறைந்ததாக 2005இல் அறிவிக்கப்பட்டது. இலங்கையிலும் 1980களிலேயே ஆரம்பச் சுகாதார ஊழியர்களைக் கொண்டு இவ்வாறு செய்யலாம் என்று காட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே மாதத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் நின்று கண்ணாடியில் வாயைப் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், தடிப்பு, வாயை முன்போல அகலத் திறக்க முடியாமை, விழுங்கக் கடினம், மாறாத குரலடைப்பு, கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஏதாவது இருந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். நோவில்லை என்று இருந்துவிட வேண்டாம். தொடக்கத்தில் இது பெரும்பாலும் நோவதில்லை. அப்போது கண்டால் சத்திரசிகிச்சையால் முற்றாக மாற்றக்கூடியவர்கள் பலர். மும்பை ஆய்வில் மாதக்கணக்கில் எண்ணப்பட்ட வாழ்வு, நேரத்தோடு வந்தால் ஆண்டுக்கணக்கில் எண்ணப்படலாம்.

திருச்சபைக்கும் கடமை உண்டு. மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தை எம் மக்களுக்குத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளி தன் நோயைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற அந்த மரபை நாம் தொடர வேண்டும். கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதை வாசித்து விளக்க ஒவ்வொரு பங்கிலும் ஓர் இளைஞரையோ யுவதியையோ பயிற்றலாம். குளிசை எடுக்கும் கிழமையை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துக் கொடுக்கலாம். பஸ் காசுக்கு ஒரு சிறு நிதி வைக்கலாம். திருமண வீட்டிலும் செத்த வீட்டிலும் வெற்றிலைத் தட்டத்தில் புகையிலையையும் பாக்கையும் வைப்பதில்லை என்று ஊர் கூடித் தீர்மானிக்கலாம்.

சமாரியனின் கதை எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு முடியவில்லை. அவன் அந்த மனிதனைத் தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்துக்குக் கொண்டுபோய், சத்திரக்காரனிடம் காசு கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று பொறுப்பேற்றுச் சென்றான். மருந்து மலிவாகக் கிடைத்துவிட்டது. அந்த வாகனத்துக்கும் சத்திரத்துக்கும் திரும்பி வருவேன் என்ற அந்த வார்த்தைக்கும் நாமே பொறுப்பு.